கருப்பிக்கு ஒன்றும் இல்லை

போச்சம்பள்ளி பக்கம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மலருக்கு,

நேற்று வீடியோவில் நம் கோழி கருப்பியைப் பார்த்ததும் உன் முகமே வாடிப்போனது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அதற்குச் சீக்கு இல்லை கண்ணு. இறகு உதிர்க்கிறது.

ஒன்றரை வயது தாண்டிய கோழி, பொழுது குறுகும் இந்த நாட்களில் பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புதிது போடும். முதலில் தலையும் கழுத்தும், பிறகு முதுகு, நெஞ்சு, கடைசியில் இறக்கையும் வாலும். கருப்பிக்குக் கழுத்து முடிந்து முதுகுக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை அம்மை என்றார். அம்மை என்றால் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் இருக்கும். அதெல்லாம் இல்லை. வாலடியில் இறகை விலக்கிப் பேன் தேடினேன். ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டு இடுக்கில் செள்ளும் தேடினேன். ஒன்றும் இல்லை.

இன்று காலை வெயிலில் அதன் கழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வரிசையாக முள் கிளம்பியிருக்கிறது. ஒவ்வொன்றும் மெழுகுத்தாள் சுற்றிய ஈர்க்குத் துண்டு மாதிரி. நுனியில் உறை பிரிந்து சின்னதாக ஒரு கறுப்புக் குஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அந்த முள்ளுக்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். அதனால்தான் எப்போதும் மடியில் ஏறுகிற கருப்பி இப்போது என்னைக் கண்டால் விலகிப் போகிறது. நானும் தூக்குவதில்லை.

முட்டை நின்று மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். கூடவே கூடாது என்றேன். இறகில் 100க்கு 85 பங்கு புரதம். உடம்பில் உள்ளதையெல்லாம் இறகுக்கே கொடுக்கும்போது முட்டைக்கு எங்கே போகும்? 2, 3 மாதம் இப்படித்தான் இருக்கும். இத்தனை நாள் முட்டை கொடுத்த உயிர், கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது விற்பதா?

வெறும் ராகி இப்போது போதாது. பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்காகப் பார்த்து ஊறவைத்துப் போடுகிறேன். அப்புறம் தாத்தா குஞ்சுகளுக்குச் செய்வாரே, அதுதான்: பழைய பானையில் ஈரச் சாணியும் கந்தல் சாக்கும் திணித்துப் புற்றோரம் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் தட்டினால் கரையான் கொட்டுகிறது. கருப்பி ஓடி வந்து ஒன்று விடாமல் பொறுக்குகிறது.

நீ வரும்போது காசிமேட்டில் கருவாட்டுத் தலை ஒரு கிலோ வாங்கி வா. உப்புப் போடாமல் காயவைத்ததா என்று கேட்டு வாங்கு. உப்பு மிஞ்சினால் கோழிக்கு ஆகாது.

அம்மா