ஞாயிறு மேசைக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம், அண்ணா

அண்ணா,

பன்னிரண்டு பேருக்கு மேசை சொல்லிவிட்டீர்களாம், அண்ணி சொன்னார். பதினொன்றாக மாற்றிவிடுங்கள். அம்மாவின் திவசத்துக்கு வருவேன், மரக்கறிச் சமையலுக்கும் நிற்பேன். ஞாயிறு டொராண்டோ ஏஜின்கோர்ட்டில் அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மட்டும் வரமாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும், இதைச் சொந்தக்காரர் பாதிப்பேர் வாசிப்பார்கள் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

அம்மாவுக்குப் பிடித்த இடம் என்கிறீர்கள். பொய்யில்லை. டிம் சம் என்கிற சின்னச் சின்னச் சீனப் பலகார வண்டி பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு மூங்கில் கூடையையும் திறந்து காட்டச் சொல்லுவார். மெல்லிய மாவுக்குள் இளஞ்சிவப்பாய் றால் தெரிகிற ஹார் காவ் அவருக்கு 'றால் கொழுக்கட்டை', கோழிக்காலைத் தொடவே மாட்டார். இப்போது அங்கே வண்டியும் இல்லை, தாளில் புள்ளடி போட்டுக் கொடுக்க வேண்டும், அப்புறம் அம்மாவின் நினைவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

தேநீர் முடிந்தால் கேத்தல் மூடியைச் சரித்து வைக்கவும், ஊற்றுபவருக்கு நன்றியாக இரண்டு விரலால் மேசையில் தட்டவும் நீங்கள்தான் எங்களைப் பழக்கினீர்கள். அதெல்லாம் எந்தக் குசினியில் கோப்பை கழுவிய காலத்தில் படித்தது என்பதும், அந்தச் சம்பளத்தில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அன்றைக்கு வெயிட்டர் சிங்கி றாலை உயிரோடு வாளியில் கொண்டுவந்து காட்டி நாலு இறாத்தல் என்றார், நீங்கள் இஞ்சியும் வெங்காயத்தாளும் போடச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அம்மாவின் விஷயத்தையும் முடித்துவிட்டீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், கொடுக்கு இரண்டிலும் ரப்பர் பட்டி. "இதுக்கு நோகாதோ பிள்ளை?" என்றார். முதலில் சிரித்தது நீங்கள். பில் வந்ததும் வழக்கம்போல ஒருவரையும் தொட விடவில்லை. காசு கொடுக்கிறவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று எங்கள் வீட்டில் எப்போது ஆனது?

ஊரறிய எழுதியதற்குக் கோபிப்பீர்கள், மன்னியுங்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லையே.

பிள்ளைகள் வருவார்கள். சின்னவளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, கேட்டுவிட்டுக் கொடுங்கள். நீங்களும் முட்டை டார்ட்டில் கை வைக்காதீர்கள், சுகர் எவ்வளவு என்று அண்ணி சொல்லிவிட்டார்.