பர்மிங்காமிலிருந்து சித்தப்பாவுக்கு

பர்மிங்காம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இங்கு நலம். தங்கள் நலத்தையும், கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சித்திக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் கேட்க, நீங்கள் மட்டும் "அங்கே நம் ஆட்கள் என்ன பாட்டுக் கேட்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, ரீமிக்ஸ் என்ற பெயரில் பழைய பாட்டுகளைக் கெடுக்காத நல்ல இசை ஏதாவது இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். இந்தப் பிரிட்டனில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பாட்டுகளில் பாதி ரீமிக்ஸ்தான். அவை பழைய பாட்டைக் கெடுத்தன என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் பேருந்து ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியின் சோஹோ ரோடு வழியாகச் செல்கிறது. புடவைக் கடை, நகைக் கடை, ஜிலேபி பொரிக்கும் கடை, அவற்றுக்கு நடுவே ஜமைக்காக்காரர்களின் முடிதிருத்தும் கடை என்று இரு மருங்கும் நெருங்கி நிற்கும் தெரு அது. பஞ்சாபியர், பாகிஸ்தான் பக்கத்து மீர்ப்பூர்க்காரர், குஜராத்தியர், வங்கதேசத்துச் சிலேட்டியர் எல்லோரும் நமக்கு வெகுகாலம் முன்பே இந்த நாட்டுக்கு வந்து வேரூன்றியவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஜலந்தர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவருடைய கணவர் இந்த ஊர் வார்ப்பட ஆலையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் இரும்புச் சூட்டில் நின்றவர்களுக்குக் கல்யாண வீடுதான் ஒரே கேளிக்கை. அங்கே 'டோல்' என்ற பஞ்சாபி மேளமும் 'தும்பி' என்ற ஒற்றைத் தந்தி வாத்தியமும் வைத்துக்கொண்டு பாடிய அறுவடைப் பாட்டுகளிலிருந்துதான் இந்நாட்டுப் பாங்க்ரா இசை பிறந்தது.

1980களின் தொடக்கத்தில் லண்டனின் சவுத்தாலிலிருந்து 'அலாப்' என்ற குழு அந்தப் பாட்டுகளுக்குச் சின்தசைசரும் டிரம் மெஷினும் சேர்த்தது. சன்னி சிங் பாடினார், தீபக் கஸாஞ்சி ஒலிப்பதிவை வடிவமைத்தார். டோலின் அடியைக் குறைக்காமல் அதற்குக் கீழே மேற்கத்திய பேஸை, அந்தத் தாழ்ந்த கனத்த ஒலியை, எவ்வளவு அளவாக வைத்திருக்கிறார் என்பதைக் கேட்டால் உங்களுக்கே அவர்மேல் மரியாதை வந்துவிடும். இந்த ஊரில் 1966இல் தொடங்கிய ஓரியண்டல் ஸ்டார் ஏஜென்சீஸ் என்ற நிறுவனம் பாங்க்ரா பாடகர் மல்கித் சிங்கையும், கவ்வாலி என்ற சூஃபிப் பக்திப் பாட்டைப் பாடும் நுஸ்ரத் ஃபத்தே அலி கானையும் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. 2017இல் அதை மூடிவிட்டார்கள். நான் வருவதற்குள் கடை போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அந்தக் கேசட்டுகள் பெரும்பாலும் பெரிய இசைத்தட்டுக் கடைகளில் விற்கப்படவில்லை, சித்தப்பா. மளிகைக் கடையில் கோதுமை மாவு மூட்டைக்கும் மசாலாப் பொட்டலத்துக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்றார்கள். இந்நாட்டின் விற்பனைப் பட்டியலைத் தயாரித்தவர்கள் அந்தக் கடைகளின் கணக்கை எடுக்காததால், பல்லாயிரக்கணக்கில் விற்ற கேசட்டும் பட்டியலில் ஏறியதில்லை. பக்கத்து வீட்டு அம்மா அப்படிப்பட்ட கேசட் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். உறையின் மடிப்புகள் வெளுத்துப்போய், பெட்டியின் ஒரு காது உடைந்து, விலைச்சீட்டின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி பக்கத்தின் மூன்றாவது பாட்டுக்கு எதிரே நீல மையில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறது. போட்டது அவருடைய மகளாம்.

அந்த மகளுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இங்கே பாங்க்ரா நடன நிகழ்ச்சிகளைப் பட்டப்பகலில் நடத்துவார்களாம். இரவில் பெண்பிள்ளைகளை வீட்டில் வெளியே விடமாட்டார்கள் என்பதால், பள்ளி நேரத்திலேயே பெரிய நடனக் கூடங்களை வாடகைக்கு எடுத்து நண்பகலில் தொடங்கிப் பள்ளி விடும் நேரத்துக்கு முடித்துவிடுவார்கள். 'டேடைமர்' என்பது அதற்குப் பெயர். பள்ளிச் சீருடையில் புறப்பட்டு, புத்தகப் பையில் வைத்திருக்கும் உடைக்கு மாறி ஆடிவிட்டு, மறுபடி சீருடையில் மாலைத் தேநீருக்கு வீடு திரும்பிய ஒரு தலைமுறையே இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து, எல்லாம் தெரியும் என்றார். 2020இல் இளம் இசைக்கலைஞர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்தபோது தங்களுக்கு அந்த டேடைமர் பெயரையே சூட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் அப்பாவின் ரஃபி, ஆஷா ஹிந்திப் பாட்டுகளைக் கேட்டார்கள், தெருவில் ஜமைக்காவின் ரெக்கே இசையையும் ஹிப் ஹாப்பையும் கேட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே காதால் கேட்டவர்கள் அவர்கள். ரீமிக்ஸ் இங்கே அவர்களிடமிருந்துதான் வந்தது. இதே ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஜமைக்காக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த பஞ்சாபி வீட்டுப் பையன்தான் அப்பாச்சி இண்டியன். நம் கல்யாண ஏற்பாட்டைப் பற்றி ஜமைக்கா மொழிநடையில் அவர் பாடிய 'அரேஞ்ச்டு மேரேஜ்' 1993இல் இந்நாட்டு முதல் இருபதில் இடம்பிடித்தது. அவர் உங்களுக்குத் தெரிந்தவரே: 1996இல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரகுமான் இசையில் 'நோ ப்ராப்ளம்' பாடிப் பிரபுதேவாவோடு திரையிலும் வந்தவர். காலேஜ் பையன்கள் நம் கேசட் கடைக்கு வந்து துண்டுச்சீட்டில் முதல் பாட்டாக அதை எழுதிக் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதியச் சொன்ன நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் குரல் எந்தத் தெருவிலிருந்து நம் கடைக்கு வந்தது என்பதை இப்போது நான் தினமும் பார்க்கிறேன்.

பாலி சாகூவைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தில்லியில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே பர்மிங்காமுக்கு வந்தவர். 1994இல் வந்த 'பாலிவுட் ஃபிளாஷ்பேக்' தொகுப்பில் 'சுரா லியா' பாட்டை எடுத்திருக்கிறார். 1973இல் 'யாதோன் கீ பாராத்' படத்துக்காக ஆர்.டி. பர்மன் போட்டது, ஆஷா போஸ்லே பாடியது. தொடக்கத்தில் வரும் அந்தக் கண்ணாடிக் குவளைச் சத்தத்தை ஹெட்போனில் கேட்கச் சொல்லி எனக்குக் காட்டியவர் நீங்கள்தான். சாகூ அந்தப் பாட்டை ஓட்டத்தில் வேகப்படுத்தவில்லை. மெட்டைத் தொடாமல் புதிதாகப் பாடவைத்து, ரெக்கேயின் கனத்த பேஸை அடியில் மெதுவாக நடக்கவிட்டு, வரிகளுக்கு இடையே நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார். அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த வரிக்காக மனம் காத்திருக்கிறது. ஹிந்தி தெரியாத பேரப்பிள்ளைகள் இன்று கல்யாணக் கூடத்தில் அதை முழுவதும் பாடுகிறார்கள். பாட்டிகளும் கூடப் பாடுகிறார்கள். 1996இல் அவருடைய 'தில் சீஸ்' இந்நாட்டுப் பட்டியலில் 12ஆம் இடம்வரை ஏறியது. நுஸ்ரத்தின் 'மஸ்த் மஸ்த்' பாட்டைப் பிரிஸ்டல் நகரத்து மாஸிவ் அட்டாக் குழு ரீமிக்ஸ் செய்ததையும் தேடிக் கேளுங்கள். அவர்கள் நம்மவர்கள் அல்லர் என்றாலும், கவ்வாலியின் உச்சக் குரலைக் கைவைக்காமல் விட்ட பக்குவம் அவர்களிடம் இருந்தது.

எல்லா ரீமிக்ஸையும் நான் ஆதரிக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கார்னர்ஷாப் என்ற குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' ஆஷா போஸ்லேவுக்கும் பழைய இசைத்தட்டுகளுக்கும் செலுத்திய அன்பு. 1997இல் அது வந்தபோது 60ஆம் இடத்தோடு நின்றுவிட, டிஜே நார்மன் குக் அதன் வேகத்தையும் சுருதியையும் கூட்டிச் செய்த ரீமிக்ஸ் 1998 பிப்ரவரியில் முதலிடத்துக்கு வந்தது. உலகம் கொண்டாடியது இரண்டாவதை. எனக்கு நிதானமான முதலாவதுதான் பிடிக்கிறது. பாடுகிறவர் தமக்குள் முணுமுணுப்பதுபோல் ஆஷாவின் பெயரைச் சொல்லும் இடம் வேகத்தில் காணாமல் போய்விடுகிறது.

கல்யாணக் கூடத்தில் டிஜே எந்தப் பாட்டைப் போட்டதும் நாற்காலிகள் காலியாகின்றன என்று கேட்டால், பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் தோ பச் கே' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பக்கத்துக் கோவென்ட்ரி நகரத்துக்காரர் அவர். லாப் ஜன்ஜுவாவின் நாட்டுப்புறக் குரலையும் தும்பியின் துள்ளலையும், 'நைட் ரைடர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையோடு கோத்திருக்கிறார். 1998இல் வந்த பாட்டு ஜெர்மனியைச் சுற்றிக்கொண்டு வந்து 2003 ஜனவரியில் இங்கே 5ஆம் இடத்தைப் பிடித்தது. பஞ்சாபியிலேயே பாடிய பாட்டு அது. ஒரு சொல்லைக்கூட ஆங்கிலத்துக்காக மாற்றவில்லை.

இனி நம் தமிழுக்கு வருகிறேன். மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பித் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். முதல் இரண்டு தொகுப்புகளுக்கு அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் வைத்தார்: 2005இல் 'அருளர்', 2007இல் 'கலா'. 'கலா'வில் வரும் 'பாய்ஸ்' பாட்டுக்குச் சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். உறுமியின் அந்த இழுத்துத் தேய்க்கும் ஓசையை, நம் ஊர்த் திருவிழாவில் கேட்டதை, வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆடுகிற லண்டன் பாட்டில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'பேப்பர் பிளேன்ஸ்' அதைவிடப் பெரிய பெயர் வாங்கியது. கிளாஷ் என்ற ஆங்கிலக் குழுவின் பழைய கிட்டார் இசையைச் சுழலவிட்டு, அதன்மேல் பிள்ளைகளின் குரலும் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பணத்தைப் பறிக்க வந்தவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒருத்தி அதைத் திருப்பிப் பாடியது போலவே எனக்குப் படுகிறது. விசா வரிசையில் நின்றிருக்கும் எவருக்கும் அந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

மலேசியாவின் யோகி பி நட்சத்ரா குழுவைப் பற்றி உங்கள் தீர்ப்பை எதிர்பார்க்கிறேன். 2006இல் வந்த 'வல்லவன்' தொகுப்பில் 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 'நிழல்கள்' படத்துப் பாட்டைத் தொட்டார்கள் என்று கேட்டதுமே உங்கள் முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூலப்பாட்டே இசையில் பெயரெடுக்கத் துடிக்கும் இளைஞன் பாடுவது. அந்தப் பல்லவியை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் இளைஞர்கள் தங்களுடைய துடிப்பைத் தமிழ் ராப்பாகச் சொல்கிறார்கள். தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த தலைமுறை நிறைந்த நாட்டில், இளையராஜாவின் மெட்டின்மேல் நின்று தமிழில் அடுக்கடுக்காகப் பேசும் அந்த நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன். என் மகன் மூலப்பாட்டைத் தேடிப்போனதும் இந்த வடிவத்தைக் கேட்டபிறகுதான், இப்போது எஸ்.பி.பி.யின் குரலைத் தானாகவே போட்டுக் கேட்கிறான்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் பிரியா ராகுவின் 'குட் லவ் 2.0' பாட்டையும், மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய படத்தைப் பார்த்து அவர் பாடிய 'கமலி'யையும் சேர்த்திருக்கிறேன். அண்ணனின் தயாரிப்பில் தங்கை பாடும் பாட்டுகள் அவை. மேற்கத்திய சோல் இசையாகச் சென்றுகொண்டிருக்கும்போதே ஒரு வளைவில் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயல் எட்டிப்பார்க்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் அத்தனையும் போய்விடும். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பெரிய ஸ்பீக்கரில் கேளுங்கள். 'மடை திறந்து' பாட்டின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவின் கேசட்டையும் அவருடைய அனுமதியோடு அனுப்புகிறேன். கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பியனுப்ப வேண்டும். டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தால் மாடல் எண்ணை உடனே எழுதுங்கள், இங்கே இன்னும் கிடைக்கிறது, வாங்கி அதே நண்பரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்திக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்