ஜப்பானிய மாணவர்களுக்கு நேரம் எங்கே?

ஆசிரியருக்கு,

டோக்கியோ பல்கலைக்கழகம் 2025 ஏப்ரல் முதல் புதிய மாணவர்களுக்கான ஆண்டுக் கட்டணத்தை 5,35,800 யென்னிலிருந்து 6,42,960 யென்னாக உயர்த்தியது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டு இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்ற அதன் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 18 வயதில் வாக்குரிமை 2016-லேயே வந்துவிட்டது. அவர்களுக்கு நேரம்தான் இல்லை. பகலில் வகுப்பு, இரவில் பகுதிநேர வேலை, மூன்றாம் ஆண்டிலேயே கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு வேலை தேடும் ஓட்டம். என் வீட்டருகே விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் கல்லாவில் நிற்கும் மாணவர், விலைவாசி பற்றியும் தன் தலைமுறைக்கு ஓய்வூதியம் மிஞ்சுமா என்றும் அவ்வளவு தெளிவாகப் பேசுவார்.

ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, சரி. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகையை ஜப்பானிய அரசு அவர்களுக்கும் தாராளமாக விரிவுபடுத்த வேண்டும்.

— வாசகர், டோக்கியோ