இரண்டாவது கையெழுத்து

தாம்பரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ஒற்றை இருக்கை, அதற்குப் பின்னால் இன்ஜின், அதற்கும் பின்னால் புரொப்பெல்லர், நீளமாக ஓர் அலுமினியக் குழாய், குழாயின் நுனியில் வால். உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மீதி விமானம் எப்போது வருமாம்?" என்று கேட்டாள்.

வாங்கிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், நீயும் வாங்கித்தான் இருப்பாய். ஒரு சண்டை மிச்சம். பறக்காதே என்று சொல்ல இதை எழுதவில்லை. விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் பறப்பது ஆபத்து என்று மகளுக்கு உபதேசம் செய்தால், வாங்கும் பென்ஷனுக்கு நியாயம் இல்லை. என்னை உறுத்துவது வேறு.

நீ அனுப்பிய சட்டத்தைப் படித்தேன். அல்ட்ராலைட் எனப்படும் இந்த மாதிரிக் குட்டி விமானங்களுக்காக அமெரிக்காவில் 1982இல் கொண்டுவந்த பகுதி 103. காலி எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும்; நம் வீட்டுப் புல்லட்டே அதைவிடக் கனம். பெட்ரோல் ஐந்து கேலனுக்கு மேல் கூடாது. முழு விசையிலும் 55 நாட் வேகத்தை, மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரை, தாண்டக் கூடாது. ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 24 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஓர் ஆள் மட்டும், பொழுதுபோக்குக்கு மட்டும், பகலில் மட்டும், ஊருக்கும் கூட்டத்துக்கும் மேலே போகாமல். இவ்வளவுக்குள் அடங்கினால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், மருத்துவச் சான்று வேண்டாம், விமானத்தை யாரும் வந்து பார்க்கவும் வேண்டாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன், அப்படித்தான் போட்டிருக்கிறது. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டினாரே அமோல் யாதவ், அவர் பதிவுச் சான்றிதழ் வாங்க 2017 வரை அலைய வேண்டியிருந்தது. நீயோ ஒரு டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

அந்தச் சட்டத்தின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இவ்வளவு லேசான, மெதுவான ஒன்று வயல்வெளியில் விழுந்தால் அடிபடுவது அதில் இருக்கும் ஓர் ஆள்தான். அரசாங்கத்துக்கு அந்தக் கணக்கு சரி. அந்த ஓர் ஆள் நீ என்பதால் எனக்குச் சரிப்படவில்லை.

எங்கள் காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் 'ஃபார்ம் 700' என்று ஒரு புத்தகம் உண்டு. என்ன வேலை நடந்தது, யார் செய்தார், யார் பார்த்தார் என்று எல்லாம் அதில் ஏறும். விமானி அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானத்தின் பக்கமே போவார். விமானத்தை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கோ பக்கவாட்டில் திருப்பும் ரடருக்கோ வாலுக்குப் போகும் கம்பியை ஒருவன் கழற்றி மாட்டினால், அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவன் தனியாக வந்து பார்த்து அவனும் கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதில் விலக்குக் கிடையாது. மாட்டியவன் திரும்பிப் பார்க்கும்போது தன் மனதில் மாட்டிய கம்பியைத்தான் பார்ப்பான். புதிதாக வருபவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இருப்பதைத்தான் அவன் பார்த்தாக வேண்டும்.

உன் விஷயத்தில் ஃபிட்டர் நீ, பார்ப்பவள் நீ, பறப்பவளும் நீ. இதுதான் என் உறுத்தல்.

அதுவும் நீ வாங்கியிருப்பது கோல்ப் நிறுவனத்தின் ஃபயர்ஃபிளை. இறக்கையை மடித்து டிரெய்லரில் ஏற்றலாம் என்பதுதான் அதன் பெருமை. மடிக்கும்போதெல்லாம் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான அய்லரானின் இணைப்பைக் கழற்ற வேண்டும், விரிக்கும்போது மாட்ட வேண்டும். பெரிய விமானத்தில் எப்போதாவது நடக்கும் வேலை உனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும். இணைப்பைப் பூட்டும் பின்னைச் செருகும் நேரத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவர் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராதே, முதல் பின்னிலிருந்து தொடங்கு. முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்துப் பார்: வல இறக்கையின் அய்லரான் மேலே போக வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். அசைகிறது என்பது போதாது, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிய கட்டுப்பாடும் தரையில் அழகாகத்தான் அசையும்.

இன்ஜினுக்கு வருகிறேன். ரோட்டாக்ஸ் 447, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், நாற்பது குதிரைத் திறன். இப்போது தயாரிப்பில் இல்லாத இன்ஜின். பழைய ராஜ்தூத் ஓட்டிய எனக்கு டூ-ஸ்ட்ரோக் புதிதல்ல. ராஜ்தூத் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவோம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த நிறுவனமே தன் கையேட்டில் இந்த இன்ஜின் திடீரென்று நின்றுபோகக்கூடியது என்று எச்சரித்திருக்கிறது. இவ்வளவு நாணயமாக எழுதிய இன்னொரு கையேட்டை நான் பார்த்ததில்லை. எனவே எந்த நேரத்திலும் உன் கீழே இறங்க ஒரு வயல் இருக்க வேண்டும். சோளம் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் அது வயலே அல்ல.

ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆயில் கலக்க வேண்டும். ஐந்து கேலன் என்பது சுமார் 19 லிட்டர். அதற்கு 380 மில்லி. கண்ணளவில் ஊற்றாதே, அளவுக் குவளை வாங்கு. கேனுக்கு வெளியே கலந்த தேதியை எழுது. உங்கள் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், கார்புரேட்டர் முதலில் குடிப்பது அதைத்தான். எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்.

கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய படம் எதிலும் அது தெரியவில்லை. அந்த ரப்பரில் விரிசல் எப்போதும் அடிப்பக்கம்தான் வரும், பார்க்க வசதியான இடத்தில் வராது. கார்புரேட்டரைக் கையில் பிடித்து மெதுவாக ஆட்டி, அடியில் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் காட்டிப் பார். முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் புதிது மாற்று. அந்த வழியாக உள்ளே போகும் காற்றால் பெட்ரோல் விகிதம் குறையும், பெட்ரோலோடு ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். எக்சாஸ்ட் வெப்பமானி 650 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். மீட்டரில் கோளாறு என்று நீயாக முடிவு கட்டாதே. ஸ்பார்க் பிளக்கையும் அவ்வப்போது கழற்றிப் பார். நுனி பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

குளிரில் கிளப்பியதும் முழு த்ராட்டில் கொடுக்காதே. பிஸ்டன் சீக்கிரம் விரியும், சிலிண்டர் மெதுவாகத்தான் விரியும். இரண்டும் ஒத்துப்போக நேரம் கொடு. விஸ்கான்சின் குளிர்காலம் முழுக்க அதைக் கொட்டகையில் சும்மா நிறுத்தப் போகிறாய். டூ-ஸ்ட்ரோக்கில் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, கிராங்க் பேரிங்குகள் பெட்ரோலோடு வரும் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. நிறுத்தும் முன் பாதுகாப்பு ஆயிலை உள்ளே அடித்துவிட்டு நிறுத்து. முன்பு வைத்திருந்தவர் அதைச் செய்தாரா என்று கேள். 300 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பதிவேடு இல்லை என்று அவர் சொன்னால், பிரிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

இன்னொன்று. உன் புரொப்பெல்லர் பின்னால் இருக்கிறது. முன்னால் எது கழன்றாலும் அதில்தான் போய் விழும். எக்சாஸ்ட் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளைப் பார். அவை அதிர்ந்து அதிர்ந்து கொக்கி தேய்ந்து ஒருநாள் அறுந்துபோகும். ஒவ்வொன்றின் ஊடாகவும் லாக்கிங் வயரை விட்டு முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், அறுந்தாலும் அங்கேயே தொங்கும். நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங்கில் கம்பி இல்லை. அதை முதலில் செய்.

நட்டு போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்காதே. நைலான் வைத்த நட்டு ஒருமுறை கழற்றினால் குப்பைக்கு. போல்ட் சுழலும் இடத்தில் அந்த நட்டே கூடாது. காடி வெட்டிய நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகி மடிக்கும் காட்டர் பின்னும்தான். கண்ட்ரோல் கேபிளை ஒரு பருத்தித் துணியால் பிடித்து முழு நீளத்துக்கும் உருவிப் பார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். வெறுங்கையால் உருவாதே, விரல் கிழியும்.

இறக்கைத் துணியில் ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பாலியெஸ்டர் துணியை ஒட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியால் சுருக்க வேண்டும், முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 300, கடைசியாக 350. பெட்டியின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் வெப்பமானி வைத்து அளந்துகொள். 350க்கு மேல் போனால் இறுகிய துணி தளர ஆரம்பிக்கும். மேலே வெள்ளி நிறப் பூச்சு கட்டாயம், வெயிலிலிருந்து துணியைக் காப்பாற்றுவது அதுதான். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "ஒரு சுடிதாருக்கு இஸ்திரி போட மாட்டாள், விமானத்துக்குப் போடப் போகிறாளா!" என்றாள்.

இனி, இரண்டாவது கையெழுத்துக்கு வழி இருக்கிறதா என்று தேடினேன். நீ இருப்பது அதற்கென்றே பிறந்த மாநிலம். 1953இல் பால் போபெரெஸ்னி வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கான சங்கத்தை மில்வாக்கியில்தான் ஆரம்பித்தார். 1975இல் ஜான் மூடி, ஆள் தொங்கிக்கொண்டு மிதக்கும் ஹேங் கிளைடரில் சின்ன இன்ஜினைக் கட்டிக்கொண்டு பறந்ததும் உங்கள் விஸ்கான்சினில்தான், அடுத்த ஆண்டு அதே மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் கூட்டத்துக்கு முன்னால் பறந்து காட்டினார். போபெரெஸ்னியின் சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கட்டி அனுபவப்பட்டவர்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து பார்ப்பார்களாம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீ கேட்காமல் இருக்காதே. பறக்கக் கற்பதும் அப்படித்தான்: இரட்டை இருக்கை விமானத்தில் ஆசிரியரோடு கற்றுக்கொண்ட பிறகு இதில் உட்கார். இவ்வளவு லேசான விமானத்தில் இன்ஜின் நின்றால் வேகம் சட்டென்று செத்துவிடும், யோசிக்கும் முன் மூக்கைக் கீழே தள்ளியாக வேண்டும். கிளம்பிய உடனே நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப நினைக்காதே, எதிரே எது இருக்கிறதோ அதில் இறங்கு. இது படித்து வராது, கைக்கு வர வேண்டும்.

நான் வரும்போது பார்த்துக் கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டாய். வேண்டாம். வாரண்ட் ஆபீசர் எவரும் செய்யாத அளவுக்குக் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பேன், உன் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வராது. ஒரு நோட்டு மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், 'ஃபார்ம் 700' மாதிரியே கட்டம் போட்டு. அதை அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். செய்தவர், பார்த்தவர் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டிலும் உன் பெயரே இருந்தால் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம்.

பதிலில் இவற்றை மறக்காமல் எழுது: அவசரப் பாராசூட்டில் கடைசியாக மடித்த தேதி என்ன? பெட்ரோல் குழாய் தொட்டால் இளகி இருக்கிறதா, விறைத்துவிட்டதா? அந்த ஸ்பிரிங்குக்குக் கம்பி கட்டிவிட்டாயா? அம்மாவின் கேள்வி ஒன்றும் உண்டு: மேலே போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா, இல்லையா?

அன்புடன்,
அப்பா