பிபிசி நாடகப் பிரிவினருக்கு: நான்கு சனிக்கிழமைகள் தாருங்கள்

பிபிசி நாடகப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1953 ஜூலை 18 முதல் ஆறு சனிக்கிழமை இரவுகளில், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து நீங்கள் நேரலையாக ஒளிபரப்பிய ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றி ஒரு கோரிக்கை.

ஆறு பகுதிகளில் இன்று இரண்டுதான் இருக்கின்றன. மற்றவை தொலைந்துவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள். தொலைவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டுமே! திரையில் ஓடுவதைப் படச்சுருளில் பிடிக்கும் அக்கால முறையில் முதல் இரண்டையும் பதிவு செய்தீர்கள். தரம் போதவில்லையென்று அத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். இரண்டாம் பகுதியில் ஒரு பூச்சி திரைமீது ஊர்கிறது. அதற்குக் கிடைத்த நீண்ட ஆயுள் கதையின் முடிவுக்குக் கிடைக்கவில்லை.

என்ன முடிவு அது! விண்வெளிக்குப் போன மூவரில் திரும்பியவர் ஒருவர். அவரும் மெல்ல மெல்லத் தாவரம் போன்ற ஏதோவொன்றாக மாறி, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் படர்ந்து நிற்கிறார். அதே அபேயில் அரசிக்கு முடிசூட்டியதை நேரலையில் பார்த்து மூன்று மாதம்கூட ஆகாத மக்களுக்கு இதைக் காட்டத் துணிச்சல் வேண்டும். காசு வேண்டியிருக்கவில்லை. முழுத் தொடருக்கும் ஆன செலவு 4,000 பவுண்டுக்குள். கதாசிரியர் நைஜல் நீல் தோல் கையுறைகளில் செடிகொடிகளை ஒட்டி, அபேயின் பெரிய புகைப்படத்தில் வெட்டிய ஓட்டைகள் வழியே கைகளை நுழைத்து ஆட்டினார். அதுதான் அரக்கன்.

அந்த அரக்கனை, அவர்களை விண்வெளிக்கு அனுப்பிய விஞ்ஞானி குவாட்டர்மாஸ் பேசியே வீழ்த்துகிறார், அதற்குள் ஒன்றாகக் கலந்து எஞ்சியிருக்கும் அந்த மூன்று விண்வெளி வீரர்களின் மனத்தை நோக்கி. 1955இல் ஹாமர் நிறுவனம் எடுத்த திரைப்படத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிட்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. 2005இல் நீங்களே மீண்டும் நேரலையில் நடத்தினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஆறு வாரக் கதையை ஒரே இரவில் அடைத்தீர்கள். அபேயும் கலைக்கூடமாக மாறியது.

இப்போது செயற்கை நுண்ணறிவால் பழைய நடிகர்களின் முகங்களை எழுப்பி அந்த நான்கு பகுதிகளையும் ‘மீட்கலாம்’ என்று யாராவது உங்களிடம் வந்தால், அனுப்பிவிடுங்கள். எழுத்துப்படிகள் உங்களிடம் முழுமையாக இருக்கின்றன. நான்கு சனிக்கிழமைகள், வாரத்துக்கு அரை மணி நேரம், இன்றைய நடிகர்களை வைத்து நேரலையில் நடத்துங்கள். வசனம் தடுமாறினால் தடுமாறட்டும், பூச்சி வந்தால் வரட்டும்.

அபேயை மட்டும் கணினியில் வரையாதீர்கள். பெரிய புகைப்படம் ஒன்று போதும், கை நுழையும் அளவுக்கு ஓட்டைகளோடு.

இப்படிக்கு,
பழைய தொடர்களின் ரசிகன் ஒருவன்