தூக்குவாளி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். நன்றி சொல்ல நாலு மாதம் தாமதமாகிவிட்டது. வீட்டைக் கழுவி முடிப்பதற்குள்ளேயே மார்கழி போய்விட்டது. அப்புறம் வயல், வாழை, பிள்ளைகளின் சான்றிதழ், நிலப் பத்திரம் என்று ஒவ்வொன்றுக்காக ஓடினோம். அதைவிட ஒரு சங்கடமும் இருந்தது. யாருக்கென்று எழுதுவது? வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அதனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். படிக்கும்போது "இது நாமதான்" என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் ஒரு கோடு உண்டு. 1992 நவம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது, தண்ணீர் நின்ற இடத்தை என் மாமனார் ஆணியால் கீறி வைத்தார். முழங்கால் உயரம்தான் இருக்கும். முப்பது வருடமாக எங்களுக்குத் தைரியம் அந்தக் கோடுதான். எவ்வளவு மழை பெய்தாலும், "தொண்ணூத்திரண்டுல வந்ததே இவ்வளவுதான்" என்று அதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தோம். மார்கழி பிறந்த அன்றே வாசலில் கோலம் போட முடியவில்லையே என்பதுதான் காலையில் எனக்கிருந்த ஒரே வருத்தம்.

அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. வழக்கமாக நாங்கள் மலையைத்தான் பார்ப்போம். பாபநாசம் அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள், மணிமுத்தாறு அணை எத்தனை அடி என்று விசாரிப்போம். இந்தத் தடவை மலையில் பெய்தது போதாதென்று தரையிலும் அதே மழை. குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஆற்றுத் தண்ணீர் முன்வாசல் வழியாக வந்தபோது, குளத்துத் தண்ணீர் புறவாசல் வழியாக வந்து சேர்ந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூணில் இருந்த கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு மேல் என்ன செய்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

முதல் நன்றி, எதிர்வரிசை மச்சு வீட்டு மைனிக்கு. கரண்ட் இல்லை, போன் இல்லை. நீங்கள்தான் மாடியில் நின்றுகொண்டு தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டித் தட்டி ஒவ்வொரு வீட்டையும் எழுப்பினீர்கள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டிராவிட்டால் பாதித் தெரு தூங்கிக்கொண்டே இருந்திருக்கும். உங்கள் மாடிப்படியில் ஏறியவர்கள் நாற்பத்து மூன்று பேர். எனக்கு எண்ணிக்கை தெரியக் காரணம், மணிக்கொரு தடவை டார்ச் அடித்து நீங்கள் தலை எண்ணிக்கொண்டே இருந்தீர்கள். மேலே இருந்த ஒரே அறையைப் பச்சைப் பிள்ளைக்காரிக்கும் வயசானவர்களுக்கும் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு ஆட்கள் மொட்டை மாடியில் தார்ப்பாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொழுது விடிந்து பார்த்தால், முதலிலேயே மேலே ஏற்றி வைத்திருந்தது நகைப் பெட்டியோ டி.வி.யோ அல்ல. அரிசிப் பானையும் கேஸ் சிலிண்டரும். இரண்டு நாள் எல்லோருக்கும் கஞ்சி கிடைத்தது அதனால்தான்.

மூன்றாவது தடவை எண்ணும்போது ஒரு தலை குறைந்தது. மாட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று தாத்தா ஒருவர் சொல்லாமல் கீழே இறங்கிவிட்டார். பின்னாலேயே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய இரண்டு பையன்களே, நீங்கள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்ததோடு நிற்கவில்லை. அரிவாளை வாயில் கவ்விக்கொண்டு தொழுவம் தொழுவமாகப் போய் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டீர்கள். அந்த வெள்ளத்தில் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்த மாடுகளை வடிந்த பிறகு எத்தனை ஊரில் பார்த்தோம்! எங்கள் செவலை ஐந்தாம் நாள் தானாகவே நடந்து வந்து வாசலில் நின்றது. கழுத்தில் அறுத்த கயிறு ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் படகு வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து மீனவ அண்ணன்மார்கள், கடலில் ஓடுகிற ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ரோடு முடிந்த இடத்தில் இறக்கியிருக்கிறார்கள். உங்கள் நகரமே அப்போது தண்ணீருக்குள் நின்றது. உங்களில் ஒருவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் என்பதைப் பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்துகொண்டோம். தெருவுக்குள் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டீர்கள். அடியில் வேலிக்கல்லும் வாழைத் தாரும் கம்பியும் கிடக்கும் என்று, முன்னால் உட்கார்ந்தவர் நீளமான கம்பால் தடவித் தடவி வழி சொன்னார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கடல்னா அலை எங்க எழும்புதுன்னு தெரியும். இது எந்தத் தெருவுல இழுக்கும்னு தெரியலையே." அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஏழு நடை வந்தீர்கள்.

என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. மாடிப்படியை விட்டு வரமாட்டேன் என்று கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் காலு தரையில படலையே" என்று அழுதவரிடம், "நானும் தரையில நிக்கல ஆச்சி, என் கழுத்தைக் கட்டிக்கிடுங்க" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினீர்களே, அந்த நீலச் சட்டைத் தம்பிக்கு என் மாமியார் தினமும் விளக்கேற்றும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறார். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் நீட்டிய பணத்தை நீங்கள் யாரும் கையால் தொடவில்லை.

எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே ரயிலை நிறுத்தி வைத்த ரயில்வே ஊழியர்களுக்கும், ஏறக்குறைய 800 பயணிகள் தவித்தபோது தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருந்த நிலையில் சமைத்துக் கொடுத்த புதுக்குடி மக்களுக்கும் ஆற்றங்கரைக்காரர்களாக நாங்களும் நன்றி சொல்கிறோம். தேசியப் பேரிடர் மீட்புப் படை, ராணுவம், கடற்படை, விமானப்படை, தீயணைப்பு வீரர்கள், போலீசார், எல்லோருக்கும் நன்றி. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியபோது, நாம் இங்கே இருப்பது யாருக்கோ தெரிகிறது என்கிற தெம்பே பெரிதாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், வெள்ளம் என்றால் என்னவென்று எங்களுக்குப் புரிந்தது தண்ணீர் வடிந்த பிறகுதான். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. பீரோ கவிழ்ந்து கிடக்கிறது. நெல் மூட்டை வெடித்து முளை விட்டிருக்கிறது. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். முதல் நாள் மண்வெட்டியை எடுக்கவே கை வரவில்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டோம். வேறு மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள்தான் எங்களை எழுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத் தரையில் படுத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் வந்து, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனதையெல்லாம் நீங்கள் கையால் எடுத்தீர்கள். படகையும் ஹெலிகாப்டரையும் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். உங்களை யாரும் எடுக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அதனால்தான் உங்களைப் பற்றி அழுத்தி எழுதுகிறேன்.

உங்களில் ஒரு அக்கா, எங்கள் வீட்டுச் சேற்றை அள்ளும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டு நின்றார். குனிந்து கையை விட்டுத் துழாவினார். அரையடி ஆழத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா. குப்பையோடு வண்டியில் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டோம். நீங்கள் குழாயடிக்குக் கொண்டு போய்க் கழுவி, "உள்ள காயிதம் மாதிரி இருக்கும்மா" என்று என் கையில் கொடுத்தீர்கள். பெரியவளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் வயலின் பத்திரமும் அதில்தான் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி. பிரித்தால் கிழியும். மறுநாள் வந்த கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, தாளுக்குத் தாள் செய்தித்தாளை வைத்து, மேலே பலகையைப் போட்டு, இரண்டு மணிக்கொரு தடவை செய்தித்தாளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் ஆனது. பத்திரத்தில் முத்திரை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. எழுத்து ஒன்றும் போகவில்லை. நன்றி, பிள்ளைகளா.

மார்கழிக் குளிரில் ராத்திரி ஈரத் தரையில் படுக்க முடியாது, பகலில் காய வைக்க வெயில் கிடையாது. எல்லோர் காலிலும் சேற்றுப்புண். முகாம் போட்ட டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூட வந்த செவிலியர், "செருப்பில்லாம நடக்காதீங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொருவர் காலையும் மடியில் தூக்கி வைத்து விரலிடுக்கில் மருந்து போட்டுவிட்டார். மழையோடு மழையாகக் கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர்களுக்கும், தன் கடையிலேயே அரிசி மூட்டை நாறிக் கிடந்தபோது நிவாரணம் 6,000 ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுத்து முடித்த ரேஷன் கடைக்காரருக்கும் நன்றி. அந்தப் பணத்தில் அடுப்பும் இரண்டு பாயும் வாங்கினோம்.

பொருள் அனுப்பியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிலர் நல்ல மனசோடுதான் பழைய துணிகளை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். ஆனால் அவற்றை வைக்க ஈரமில்லாத இடம் ஊரில் இல்லை. ரோட்டோரத்திலேயே நனைந்து வீணாகிவிட்டன. "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று முதலில் கேட்டவர்கள்தான் எங்களுக்குப் பெரிய உதவி. கேட்காமலே தெரிந்து அனுப்பிய ஒரு பெட்டியும் வந்தது. சென்னையிலிருந்து. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. பெட்டிக்குள் ப்ளீச்சிங் பவுடர், கையுறை, கொசுவர்த்தி, மெழுகுவத்தி, டார்ச், நைட்டி, புது உள்ளாடை, நாப்கின், கொடிக் கயிறு. மேலே ஒரு சீட்டு: "நாங்களும் இப்பதான் கழுவி முடிச்சோம்." அந்தக் கொடிக் கயிற்றில்தான் இன்றைக்கும் துணி காயப்போடுகிறேன்.

வயல் இன்னும் சரியாகவில்லை. பிசானப் பருவ நெல் நாற்றோடு போய்விட்டது. வடகால் வாய்க்கால் உடைந்த இடத்தில் தொடையளவு மணல் மேடு. குலை தள்ளி நின்ற வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டது. டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு நாலு நாள் மணல் ஒதுக்கித் தந்த டிராக்டர் அண்ணாச்சிக்கும், மேற்கே இருந்து ஒரு டெம்போ நிறைய வாழைக்கன்று இறக்கிவிட்டுப் போன விவசாயிகளுக்கும் ஒரு சேதி: கன்று எல்லாம் பிடித்துவிட்டது. இலை விரிந்து நிற்கிறது. பட்டது மூன்றே மூன்றுதான்.

வீட்டுக்கு இப்போதுதான் வெள்ளையடித்தோம். என் கணவர் தூணில் புதுக் கோடு ஒன்று கீறியிருக்கிறார். நாற்காலி போட்டு ஏறித்தான் கீற வேண்டியிருந்தது. பழைய கோட்டை அழிக்கவில்லை. ஆனால் இனிமேல் மழைக்காலத்தில் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம், மைனி வீட்டுப் படியேறிவிடுவோம்.

கடைசியாக ஒன்று. சேறு அள்ளிய இரண்டாம் நாள் மத்தியானம், பைக்கில் ஒரு அண்ணனும் அக்காவும் வந்தீர்கள். பெரிய எவர்சில்வர் தூக்குவாளி நிறையச் சுடச்சுட ரசம் சாதம். ஐந்து நாளில் நாங்கள் சாப்பிட்ட முதல் சூடான சோறு. "சாப்பிடுங்க, நாளைக்கு வந்து பாத்திரத்தை வாங்கிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனீர்கள். அப்புறம் வரவே இல்லை. ரோடு அரித்துப்போய்க் கிடந்ததால் வர முடியவில்லையோ, வீட்டை அடையாளம் தெரியவில்லையோ. மூடியில் "மு.செ." என்று பொடி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. ஏரல் சந்தையில்கூட விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

தூக்குவாளி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். மச்சு வீட்டுக்கு நேர் எதிர் வீடு, வாசலில் வேப்பமரம் நிற்கும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. முந்திரிக்கொத்து செய்து நிறைத்துத் தர வேண்டும் என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதனால் வருவதற்கு முந்தின நாள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பாசிப்பயறு வறுத்துத் திரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தெருவிலிருந்து,
நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி