மண்டியில் நான் தங்கிய இரவு

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் மருமகள் அம்மிணியும் நலமாக இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிற நாளில் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போன் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதை அவள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

போன வாரம் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அம்மிணி தன்னோடு வேலை பார்க்கும் தோழியைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததாகவும், ஆபீஸில் வேலை நெருக்கடியாக இருந்ததால் உன்னால் போக முடியவில்லை என்றும், ரிப்போர்ட்டில் குறை ஒன்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னாய். குறை இல்லை என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியும் முன்பே எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, உனக்கு இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நீ எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை என்பது உனக்குத் தெரியும். ஏன் அப்படிப் பிறந்தாய் என்று நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை.

அது 1993ஆம் வருடம், மாசி மாதம். அந்த முறை வாய்க்கால் தண்ணீர் நன்றாக வந்ததால் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருந்தேன். தை பிறந்ததும் வெட்டத் தொடங்கி, கிழங்கை வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றி, மூட்டை பிடிப்பதற்குள் மாசி பாதி ஓடிவிட்டது. பகலில் களத்திலும் இரவில் கொப்பரை அடுப்பிலுமாகவே கிடந்தேன். உன் அம்மா எட்டு மாத வயிற்றோடு களத்துக்குச் சோறு கொண்டு வருவாள். ஒரு நாள் தூக்குப்போசியை வைத்துவிட்டு, "காலு ரொம்ப வீங்குதுங்க, தலைவலி ரெண்டு நாளா விடவே மாட்டேங்குதுங்க" என்றாள். உன் அப்பத்தாவிடம் கேட்டதற்கு, "பிள்ளைத்தாச்சிக்குக் காலு வீங்கறது வழக்கந்தான், உப்பைக் குறைச்சுக்கச் சொல்லு" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். அந்த மாதம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய நாள் வந்தது. மஞ்சள் விற்ற பிறகு போகலாம் என்று தள்ளி வைத்தேன். தள்ளி வைத்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

நாற்பது மூட்டையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனேன். அன்றைய ஏலத்தில் நான் நினைத்த விலை வரவில்லை. மறுநாள் வெளியூர் வியாபாரிகள் வருவார்கள், கூடக் கேட்பார்கள் என்று மண்டியில் சொன்னார்கள். அந்தக் கூடுதல் விலைக்காக மண்டியிலேயே மூட்டைகளின் மேல் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். அதே இரவு பதினொரு மணிக்கு உன் அம்மா கண் மங்கலாகத் தெரிகிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். சற்று நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. உன் அப்பத்தா பக்கத்துத் தோட்டத்துக்காரரை எழுப்பி, அவருடைய அம்பாசிடர் காரில் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள். அவளைச் சேர்த்த ஆஸ்பத்திரி நான் படுத்திருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இராது. எனக்குத் தகவல் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. மண்டியின் போன் நம்பர் எழுதிய டைரி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

விடிந்ததும் தோட்டத்துக்காரர் மண்டி மண்டியாகத் தேடிக்கொண்டு வந்து, ஏலம் தொடங்கும் நேரத்தில் என்னைக் கண்டுபிடித்தார். நான் போய்ச் சேர்ந்தபோது நீ பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்திருந்தார்கள். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாய். உன் உள்ளங்கால் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. தொட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொன்னார். குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் போகவே இல்லை. நான்காவது முறையும் கழுவிவிட்டு, அந்தக் கையோடு உன்னைத் தொடத் துணிவில்லாமல் வெளியே வந்து நின்றேன். அங்கே வந்த டாக்டரம்மா, இரத்த அழுத்தம் 160க்கு 110 இருந்தது என்றும், இந்த வீக்கத்தையும் தலைவலியையும் வீட்டில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்றும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உன் அம்மா பிழைத்தது டாக்டரம்மாவின் கைராசியும், உன் அப்பத்தா நள்ளிரவில் காட்டிய வேகமும்தான். அன்றைக்கு நம் பக்கம் 108 வண்டி கிடையாது. அது தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தான். பக்கத்துத் தோட்டத்தில் கார் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைக்க மாட்டேன். அதற்குப் பிறகு மஞ்சள் விற்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு முறையும் அங்கே இராத்தங்கியதில்லை. உன் அம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

கண்ணு, இதை நான் உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கர்ப்பம் என்பது பெண்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், ஆண் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும் என்று நாங்கள் வளர்ந்தோம். அந்த நினைப்பு உன்னிடமும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதோ என்று எனக்குக் கவலை. அம்மிணி படித்தவள், விவரமானவள், தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்வாள் என்று நீ சொல்வாய். விவரமானவள்தான். ஆனால் தலைவலியோடு படுத்திருக்கும் ஒருத்தி, ஆபீஸிலிருந்து களைத்து வந்த புருஷனைப் பார்த்ததும் "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் அசதி" என்றுதான் சொல்வாள். அது அசதிதானா என்று பார்க்க அடுத்த கண் ஒன்று வேண்டும். அந்தக் கண் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே சிலவற்றை நீயே தெரிந்து வைத்துக்கொள். இரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, இரத்தம் படுவது, பனிக்குடம் உடைந்து தண்ணீர் போவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதே; மாமியாரிடமும் அம்மாவிடமும் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. ஏழாம் மாதம் தொடங்கியதும் குழந்தையின் அசைவைத் தினமும் ஒரே நேரத்தில் இருவரும் உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும் என்பார்கள். வழக்கத்தைவிடக் குறைந்தாலே அழைத்துப் போய்விடு. ஆறாம் மாதமோ ஏழாம் மாதத் தொடக்கமோ, அதாவது 24 முதல் 28 வாரத்துக்குள், சர்க்கரைப் பரிசோதனை இருக்கும். அதற்கு நீ லீவு போட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் சேர்த்துக் கொடுக்காதே, சத்து உடம்பில் பிடிக்காது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தசோகை என்றுதான் கணக்கு. அம்மிணிக்குப் போன முறை எவ்வளவு இருந்தது என்று கேட்டேன், உனக்குத் தெரியவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். சம்பந்தி வீட்டார் கட்டுச்சோற்று விருந்து வைத்து உடுமலைக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள்; உன் அம்மாவுக்கு இங்கே கோபியில் வைத்துப் பார்க்க ஆசை. இரண்டு வீட்டின் ஆசையும் நியாயமானதுதான். அம்மிணி என்ன நினைக்கிறாள் என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? முதலில் இருந்து பார்த்துவந்த டாக்டரிடமே பெங்களூரில் பிரசவம் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னால், இரண்டு சம்பந்திகளும் முறை வைத்துக்கொண்டு அங்கே வந்து தங்குவோம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ஆள் பார்த்துக்கொள்ளலாம். தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், ஒன்பதாம் மாதம் வரை இழுக்காமல் நேரத்தோடு போய், அங்கேயுள்ள டாக்டரிடம் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் காட்டிப் பழகிக்கொள்ளட்டும். நம் பக்கம் பிரசவம் என்றால், கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் பிக்மி எண்ணை வாங்கிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போது அதைக் கேட்பார்கள். அவளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உனக்குத் தனியார் வேலையில் சட்டம் ஒன்றும் வகுத்துக் கொடுக்கவில்லை, கம்பெனி கொடுப்பதுதான். எத்தனை நாள் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடு. காரில் வருவதானால் திம்பம் வழியை மறந்துவிடு. 27 கொண்டை ஊசி வளைவில் அவளை உலுக்க வேண்டாம். சேலம், பவானி வழியாக நிறுத்தி நிறுத்தி வா.

ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் உன் பாரம் இறங்கியது என்று ஒரு நாளும் நினைக்காதே. நம் ஊரில் எத்தனையோ பேர் மனைவியை ஏழாம் மாதம் அனுப்பிவிட்டு, குழந்தை பிறந்த சேதி கேட்டுச் சர்க்கரை வாங்கிக்கொண்டு போய் நின்றவர்கள்தான்.

சொந்தத்தில் ஒருவர் உன் அம்மாவிடம், பையனா பெண்ணா என்று எங்கோ பார்த்துச் சொல்கிறார்களாம் என்று பேச்செடுத்திருக்கிறார். அந்தப் பேச்சு நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். 1994ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இருக்கட்டும், நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், 1992இல், பெற்ற பெண்குழந்தையைக் கொன்றுவிடாமல் அரசிடம் ஒப்படையுங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது நமக்குப் பக்கத்திலுள்ள சேலத்தில்தான். அப்படியொரு தொட்டில் வைக்க வேண்டிய நிலையில் நம் சீமை இருந்தது என்பதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. எந்தப் பிள்ளை வந்தாலும் இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளை. அம்மிணியிடம் யாராவது இதைப் பற்றிக் கேட்டு அவள் மனம் நோக நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியவன் நீ.

இன்னொன்று, பால். நம் தோட்டத்தில் பசு கன்று ஈன்றால் முதலில் என்ன செய்வோம்? கன்று தள்ளாடி எழுந்ததும் மடியில் விட்டுச் சீம்பாலைக் குடிக்க வைப்போம். அது குடித்தால்தான் கன்று நோய் தாங்கும் என்று ஆடு மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முதல் பாலைப் பீச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனை தொட்டு வைத்தோம். கன்றுக்கு இருந்த கொடுப்பினை நம் பிள்ளைக்கு இல்லாமல் போனது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அதன் பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் சேனை வைக்க வந்தால் மரியாதையாக மறுத்துவிடு. அது உன் அம்மாவாக இருந்தாலும் சரி. நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குச் செலவு ரசமும் பூண்டும் நல்லதுதான், கொடுக்கட்டும். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று சொல்லி அவளைத் தாகத்தோடு வைக்க மட்டும் விடாதே.

மற்றபடி வீட்டு வேலையில் உனக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. அரிசியும் பருப்பும் சாதம் நீயே வைப்பாய் என்று அம்மிணி சொன்னாள். அவளுக்குக் காலையில் வாய் கசந்தால் கெட்டியாக ராகிக் கூழ் காய்ச்சி மோர் ஊற்றிக் கொடுத்துப் பார், உன் அம்மாவுக்கு அது ஒன்றுதான் அப்போது இறங்கியது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஐந்து கிலோவும் வறுத்த கொள்ளும் பச்சைப்பயறும் பார்சலில் போட்டிருக்கிறேன். சர்க்கரைப் பரிசோதனை முடியும் வரை நாட்டுச்சர்க்கரையைப் பிரிக்க வேண்டாம்.

இந்த வருடம் மஞ்சள் மாசியில்தான் வெட்டுக்கு வரும். வேகவைப்பதையும் விற்பதையும் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். உன் நம்பர், அம்மிணியின் நம்பர், அவள் டாக்டரின் ஆஸ்பத்திரி நம்பர், சம்பந்தி வீட்டு நம்பர் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கதவிலும் ஒட்டு. பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்து வை.

அடுத்த பரிசோதனை சனிக்கிழமை என்று அம்மிணி சொன்னாள். நீ கூடப் போய்விட்டு, இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அன்று மாலையே எனக்குப் போனில் சொல். காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
அப்பா